கட்டணம் கேட்டுப் போன பெரியவர்கள்

கிட்டே வாருங்கள், என் கண்மணிகளே. கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், காற்று மழையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் மேலங்கி போட்டுக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்தையே பெண் கேட்பதுபோல் கேட்கப் போன கதை. சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். நடுவில் கொஞ்சம் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அதற்குப் பயப்படவும் வேண்டாம்.

ஜோர்டான் நாட்டில், அஜ்லூன் மலைச்சரிவில் கஃபர் லௌஸ் என்று ஒரு ஊர். முதல் மழை வந்து ஆலிவ் இலைகளில் ஒட்டிய கோடைப் புழுதியைக் கழுவிவிட்டுப் போன பிறகுதான் அங்கே பறிப்பைத் தொடங்குவார்கள். அந்த வருஷம் மழை விட்ட மறுநாளே முஃப்லிஹ் என்பவர் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஈரக் கிளையில் ஏணி வழுக்கியது. தொடையெலும்பு முறிந்து, இர்பித் ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். பார்க்க வருகிறவர்களிடம், நான் மரத்திலிருந்து விழவில்லை, மரம்தான் என்னை விட்டுவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவர்கள் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அவர் மனைவி ஃபித்தாவுக்கு அழ நேரமில்லை. ஆலிவ் காத்திருக்காது. காய் கறுத்து உதிர ஆரம்பித்தால் எண்ணெய் புளிப்பேறிக் கெட்டுவிடும். அவளும் மகள் தீமாவும் விடிந்ததும் மரங்களுக்குக் கீழே தார்ப்பாய் விரிப்பார்கள். கிளையைக் கையால் உருவி உருவிப் பறிப்பார்கள். மத்தியானம் இலையையும் குச்சியையும் பொறுக்கி எறிந்துவிட்டுச் சாக்கில் கட்டுவார்கள். பசித்தால் ரொட்டி, சாத்தர் என்கிற மூலிகைப் பொடி, தக்காளி. தீமாவின் விரல் நகங்கள் கறுத்துப் போயின. தலைத்துணியில் எப்போதும் இரண்டு இலை ஒட்டியிருக்கும்.

தீமா மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இர்பித் சாலையில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கண் பரிசோதிக்கிற படிப்பு. ஊரில் அதைக் கண்ணாடிப் படிப்பு என்பார்கள். நல்ல மதிப்பெண் எடுத்ததால் பாதிக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே உதவியாகத் தள்ளிக் கொடுத்திருந்தது. மீதிப் பாதியைக் கோடையில் இரண்டு கிடாரிகளை விற்று முஃப்லிஹ் கட்டியிருந்தார்.

வகுப்புக்குப் போகவில்லையா என்று ஃபித்தா கேட்கும்போதெல்லாம், இந்த வாரம் பாடம் இல்லை உம்மா என்பாள். ஒரு வாரம் நம்பலாம். அடுத்த வாரமும் பாடம் இல்லையென்றால் எந்தத் தாய் நம்புவாள்? ஆனாலும் ஃபித்தா நம்பினாள். நம்பாவிட்டால் அந்தச் சாக்குகளை யார் கட்டுவது? அது அவள் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அப்புறம் ஒருநாள் தீமாவின் கைபேசிக்குச் செய்தி வந்தது. வகுப்புக்கு வராத நாட்கள் வரம்பைத் தாண்டிவிட்டன, இந்தப் பருவத்தின் தேர்வு எழுத முடியாது என்று. விஷயம் கட்டிலில் கிடந்தவருக்கும் தெரிந்தது. முஃப்லிஹ் கோபப்படவில்லை. சரி, படிப்பு இந்த மட்டும்தான், கட்டின காசையாவது திருப்பி வாங்குவோம், ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டியது இருக்கிறது என்றார். தீமா வாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

முஃப்லிஹ் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். பணம் திருப்பித் தரும் கெடு பருவம் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே முடிந்துவிட்டது என்று ஒரு குரல் சொன்னது. முஃப்லிஹுக்கு அந்தப் பதில்கூடப் பெரிதாகப் படவில்லை. அந்தக் குரல் நடந்துகொண்ட விதம்தான் அவருக்கு எரிந்தது.

"எந்த ஊரு, யாரு மவன், உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல ஃபித்தா. மாணவி நம்பர் சொல்லுன்னான். எம் பொண்ண நான் நம்பர் சொல்லியா கூப்பிடுறேன்? கடையில எடுத்த சட்டையப் போடாம திருப்பிக் கொடுத்தா கடைக்காரன்கூட ஒரு டீ கொடுத்துட்டுத்தான் முடியாதுன்னு சொல்லுவான்."

மரியாதை தெரியாத இடத்தில் தனியாளாகப் பேசிப் பயனில்லை, இதற்கு ஜாஹாதான் சரி என்று முடிவு கட்டினார்.

ஜாஹா என்றால் ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாகப் போய் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்பது. பெண் கேட்கவும் போவார்கள், வெட்டுக்குத்தைச் சமாதானம் செய்யவும் போவார்கள். அந்த வீட்டார் கசப்புக் காப்பி ஊற்றிக் கொடுப்பார்கள். தலைவர் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் கீழே வைப்பார். வந்த காரியத்தைச் சொல்வார். "காப்பியைக் குடியுங்கள், கேட்டது கிடைத்தது" என்று வீட்டார் சொன்ன பிறகுதான் எல்லோரும் குடிப்பார்கள். குடிக்காமல் எழுந்து போனால் இரண்டு பக்கத்துக்கும் தலைகுனிவு.

கஃபர் லௌஸில் ஜாஹா என்றால் ஹாஜி தியாப்தான் தலைவர். ஊரில் பாதிப் பேரின் கல்யாணம் அவர் கீழே வைத்த கோப்பையில் நடந்தது. இதுவரை ஒரு கோப்பையும் குடிக்கப்படாமல் திரும்பியதில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் தாடியைத் தடவினார். நிதி அலுவலகத்துக்கு இதுவரை ஜாஹா போனதாக நான் கேள்விப்படவில்லை என்றார். அப்புறம், அதனால் என்ன, அங்கேயும் மனுஷர்கள்தானே உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லி மேலங்கியை வெயிலில் போடச் சொன்னார்.

ஜாஹாவில் பெண்கள் போவதில்லை. யாருக்காகப் போகிறார்களோ அவர்களும் போவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் எது எங்கே இருக்கிறது என்று ஃபித்தாவுக்குத்தான் தெரியும். அதனால் அவளை வேனின் முன்சீட்டில் உட்காரவைத்தார்கள், வெளியிலேயே இருக்க வேண்டும் என்ற பேச்சோடு. எலும்புப் படம் வைத்த பெரிய உறையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தீமா செக்கு ஆலையில் சாக்குகளுக்குக் காவலாக நின்றாள். இன்றைக்கு அவர்கள் முறை.

பல்கலைக்கழக வாசல் காவலாளி, வெள்ளைத் தலைத்துணியும் கறுப்பு மேலங்கியுமாக வரிசையாக இறங்கியவர்களைப் பார்த்து, எங்கோ கொலை விழுந்துவிட்டது என்றே நினைத்தான். ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டான். மரத்தடியில் நின்ற மாணவர்கள், எந்தப் பேராசிரியையைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று பந்தயம் கட்டினார்கள்.

நிதி அலுவலகத் தலைவர் ருஷ்தி நல்ல மனிதர். ஜெரஷ் பக்கத்துக்காரர். பெரியவர்கள் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, நாற்காலிகள் கொண்டுவரச் செய்து, பழக்கதோஷத்தில் காப்பி ஊற்றச் சொல்லிவிட்டார். தேநீர் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார் பாவம். ஹாஜி தியாப் கோப்பையை வாங்கி மேசைமேல் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். அத்தனை கோப்பைகளும் வரிசையாக உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் ருஷ்திக்கு எங்கே மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது. முகம் வேர்த்தது.

ஹாஜி இறைவனைப் புகழ்ந்தார், நபிமேல் ஸலவாத்து என்ற வாழ்த்தைச் சொன்னார், ருஷ்தியின் பாட்டனார் பெயரைக் கேட்டு அவரையும் புகழ்ந்தார். பிறகு முஃப்லிஹ் விழுந்ததைச் சொன்னார். படிக்காத பருவத்தின் காசைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார்.

"ஹாஜி, உங்க தாடிக்கு முன்னால நான் சின்னப் பையன். ஆனா இது கல்யாணப் பேச்சு இல்லையே. விதின்னு ஒண்ணு இருக்கு. கெடு போயிடுச்சு."

"கல்யாணத்தவிட இது லேசுதானே வாப்பா. பொண்ணக் கேட்டா யோசிக்கணும். நாங்க எங்க காசத்தானே கேக்குறோம்?"

ருஷ்தி விதியை விளக்கினார். பெரியவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். விளக்கி முடித்ததும், சரி, விதி இருக்கட்டும், காப்பி விஷயம் என்ன ஆச்சு என்று ஹாஜி கேட்டார். ருஷ்தி மறுபடி முதலிலிருந்து விளக்கினார்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் ஃபித்தா உட்கார்ந்திருந்தாள். கையில் ஃபலாஃபல் ரொட்டியோடு ஒரு இளம்பெண் அந்தப் பக்கம் வந்தாள். ஹனாதி என்று பெயர். தாழ்வாரக் கடைசியில் இருக்கும் மாணவர் உதவி அலுவலகத்தில் வேலை. மடியில் எலும்புப் படத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு என்ன என்று விசாரித்தாள். ரொட்டியில் பாதியைப் பிய்த்து ஃபித்தா கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஃபித்தா கடித்துவிட்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கடித்த வாயோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், பாடம் இல்லை என்ற பொய்யையும், அதைத் தான் நம்பின பொய்யையும்.

முழுவதையும் கேட்ட பிறகுதான் ஹனாதி வாய் திறந்தாள்.

"பருவத்த ஒத்திப்போடச் சொல்லி எங்ககிட்ட அவ ஏன் வரல சாச்சி? வீட்ல இப்படி ஆனா அதுக்குன்னே விதி இருக்கு. கட்டின காசு அவ பேர்லயே நிக்கும், வசந்தப் பருவத்துக்கு ஆகும். உதவியும் போகாது."

"நாங்க கையேந்துற வீடு இல்ல மவளே."

"கையேந்தச் சொல்லல. இது அவளுக்குச் சேர வேண்டியது."

அப்புறம் ஹனாதி இன்னொன்றும் சொன்னாள். பணத்தைத் திருப்பி வாங்குவதென்றால் அவள் பெயரையே நீக்க வேண்டும். பெயர் போனால் இடம் போகும், உதவி போகும், அது திரும்ப வராது. ஃபித்தா மிச்ச ரொட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் உள்ளே ருஷ்திக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. மாணவியின் பெயரை முழுவதுமாக நீக்கிவிட்டால், தன் அதிகாரத்துக்கு உட்பட்டு ஒரு பகுதிக் காசைத் திருப்பித் தர முடியும், மேலிடத்தில் ஏதாவது கேட்டால் தானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "காப்பியக் குடிங்க ஹாஜி" என்றும் சொன்னார். பெரியவர்கள் மூச்சு விட்டார்கள். ஹாஜி தியாப் கோப்பையைக் கையில் எடுத்தார்.

திறந்திருந்த கதவு வழியே ஃபித்தா அதைப் பார்த்தாள். கோப்பை உதட்டில் பட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றிப் பேச அந்த ஊரில் ஒருவருக்கும் முகம் இருக்காது. வெளியிலேயே இருக்க வேண்டும் என்ற பேச்சும் ஞாபகம் இருந்தது. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"ஹாஜி, குடிக்காதீங்க. அந்தக் கோப்பையக் கீழ வைங்க."

 ஜாஹா நடுவில் ஒரு பெண் பேசி அவர்கள் யாரும் கேட்டதில்லை. ஹாஜியின் கை அந்தரத்தில் நின்றது. அவர் ஃபித்தாவின் முகத்தைப் பார்த்தார், அவள் பின்னால் நின்ற ஹனாதியைப் பார்த்தார், கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். சொல்லும்மா என்றார். ஃபித்தா சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். மிச்சத்தை ஹனாதி சொன்னாள். ருஷ்தி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, ஒத்திப்போடுவது என் மேசைக்கு வருகிற விஷயமில்லை, அது இவங்க அலுவலகம், எனக்குத் தோணவே இல்லை என்றார்.

ஆனால் சிக்கல் அங்கேதான். ஒத்திப்போட வேண்டுமென்றால் மாணவி தானே நேரில் வந்து தன் வாயால் கேட்க வேண்டும். அப்பா கேட்டாலும் செல்லாது, ஊரே கேட்டாலும் செல்லாது.

"யாருக்காக ஜாஹா போகுதோ அவங்க வீட்டுலதான் இருக்கணும்" என்றார் ஹாஜி. "அது எங்க விதி."

"அவங்க வந்தே ஆகணும் ஹாஜி" என்றாள் ஹனாதி. "இது எங்க விதி."

 ஹாஜி ஃபித்தாவிடம், மகளுக்குப் போனைப் போடு என்றார்.

இனி காத்திருப்பைத் தவிர வேறு வழியில்லை. குடிக்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. காப்பி ஆறி மேலே ஏடு கட்டியது. விருந்தாளிகளை விட்டுவிட்டு ருஷ்தி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக முடியவில்லை. லுஹர் தொழுகை நேரம் வந்தது. நகல் எடுக்கும் இயந்திரத்தை ஓரமாக நகர்த்திவிட்டு அங்கேயே தொழுதார்கள். ருஷ்தியும் சேர்ந்து நின்றார். கட்டணம் கட்ட வந்த மாணவர்களிடம் பெரியவர்கள் ஊர் விசாரித்தார்கள். ஒருவன் ஒரு பெரியவரின் தங்கை பேரனாக வந்துவிடவே, அவர் அவனைப் பிடித்துவைத்து, முடி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்டு மாதக்கணக்கில் பேசாமலிருந்த இரண்டு கணக்கர்களை ஹாஜி சும்மா இருக்க முடியாமல் சமாதானம் செய்துவைத்து, கன்னத்தில் முத்தமிட வைத்தார்.

தீமா ஆலைக்காரரின் வண்டியில் சாக்குகளோடு வந்து இறங்கினாள். ரப்பர் காலணி, எண்ணெய்ப் பிசுக்கேறிய கை, தலைத்துணியில் இலை. உடனே வா என்று உம்மா சொன்னதும் வாப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்து ஓடிவந்தவள், வாசலில் அத்தனை மேலங்கிகளையும் பார்த்து அப்படியே நின்றாள். ஹனாதி அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"இவ்வளவு பேரும் உனக்காகத்தான் உக்காந்திருக்காங்க. ஆனா நான் உன்கிட்டதான் கேப்பேன். உனக்கு என்ன வேணும்?"

தீமா உம்மாவைப் பார்த்தாள். ஃபித்தாவுக்குத் தெரியும், தான் தலையசைத்தால் மகள் அதையே சொல்லிவிடுவாள், தன் மனசைச் சொல்ல மாட்டாள். அதனால் கண்ணைத் தாழ்த்தி எலும்புப் பட உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் தலையைக் குனிந்திருப்பது அவளுக்குச் சாக்குத் தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"காசு வேணாம்" என்றாள் தீமா. "எனக்கு என் எடம் வேணும். ஆலிவ் முடிஞ்சு, வாப்பா எழுந்து நடந்ததும் நான் வரணும்."

ஏன் முன்பே வரவில்லை என்று ஹனாதி கேட்டாள்.

"மாணவர் உதவின்னு உங்க கதவுல எழுதியிருந்ததப் பாத்தேன். அநாதைப் பிள்ளைங்களுக்குன்னு நெனச்சேன். எனக்குத்தான் வாப்பா இருக்காரே."

ஒரு பெரியவர் தலைத்துணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஹனாதி, அது வாப்பா இருக்கிறவர்களுக்கும்தான் என்று சொல்லி அவள் தலையிலிருந்த இலையை எடுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. குழு கூடி ஒப்புக்கொள்ள வேண்டியது வெறும் முறைக்காகத்தான், இப்படிப்பட்ட விண்ணப்பத்தை அவர்கள் தள்ளியதில்லை என்றாள்.

இப்போது எல்லோரும் ஹாஜி தியாபைப் பார்த்தார்கள். ஜாஹா கேட்டது காசு, கிடைக்கப்போவது இடம். கேட்டது கிடைக்காமல் கோப்பையைத் தொட முடியுமா? ஹாஜி தொண்டையைச் செருமினார்.

"நாங்க கேக்க வந்ததும் இதத்தான்" என்றார்.

"இல்லையே, காசுன்னுதானே..." என்று ஆரம்பித்த பக்கத்துப் பெரியவருக்கு ஒரு முழங்கை விழுந்தது. அவரும், ஆமாம், இதைத்தான், இதைத்தான் என்றார். முதலில் சிரித்தவர் ருஷ்திதான். சிரித்துக்கொண்டே, வசந்தத்தில் பெண் திரும்பி வருவாள் என்பதற்குப் பிணை யார் என்று விளையாட்டாகக் கேட்டார். ஹாஜிக்கு அதெல்லாம் விளையாட்டில்லை. நெஞ்சில் கை வைத்து, என் முகம் பிணை என்றார். எங்கள் பக்கத்தில் முகம் என்றால் மானம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

"காப்பி ஆறிடுச்சு ஹாஜி, வேற ஊத்தச் சொல்றேன்."

"வேணாம். பேசினது இது மேலதான்" என்று சொல்லி ஒரே மடக்கில் குடித்தார். கசப்பில் மீசை துடித்தது. மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். தாழ்வாரத்து மாணவர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள். யாரோ ஒருத்தி குலவையும் இட்டாள். அது ஹனாதி என்று ஃபித்தா கடைசிவரை சொன்னாள், ஹனாதி ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் முஃப்லிஹ் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார். ஃபித்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னாள், தான் எழுந்து பேசினதை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னாள்.  அவர் மகளை அருகில் கூப்பிட்டு அவளது கறுத்த நகங்களைத் தன் கையில் வைத்துப் பார்த்தார்.

"காசு வாங்கிட்டு வாங்கன்னு ஊர்ப் பெரியவங்கள அனுப்பினேன். படிப்ப வாங்கிட்டு வந்திருக்காங்க. இவங்கள நம்பி ஒரு ஆடு வாங்க அனுப்ப முடியுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தத் தடவை அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரிக் கடன் இருந்ததே என்று கேட்பீர்கள். முகத்தைப் பிணை வைத்தவர் சும்மா இருப்பாரா? மறுநாள் காலை ஹாஜி தியாப் ஜாஹா போன அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டார். மேலங்கியை வேலியில் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு பறித்தார்கள். ஏணியில் ஏற மட்டும் ஃபித்தா விடவில்லை, இன்னொரு தொடையெலும்பு எனக்கு வேண்டாம் என்றாள். மகன்கள் வெட்கப்பட்டு வந்தார்கள், மருமகள்கள் ரொட்டி சுட்டார்கள். செக்கிலிருந்து புதிய எண்ணெய் பச்சையாக வழிந்து வந்தபோது சூடான ரொட்டியை அதிலேயே தோய்த்துத் தின்றார்கள், புது எண்ணெயின் காரம் தொண்டையில் ஏற ஏறத் தின்றார்கள். அந்த எண்ணெய் ஆஸ்பத்திரிக்குப் போதுமானதாக இருந்தது. சமையலுக்கும் கொஞ்சம் நின்றது.

வசந்தப் பருவம் தொடங்கிய காலையில் வாதுமை மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. லேசான தூறல். முஃப்லிஹ் கைத்தடியோடு வாசல்வரை நடந்து வந்து வழியனுப்பினார். ஃபித்தா மகளோடு சாலைவரை இறங்கினாள். திருப்பத்துக்கு வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். மினி பஸ் நிற்குமிடத்தில் ஹாஜி தியாபும் மற்ற பெரியவர்களும் நனைந்துகொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள்.

"உம்மா, நான் திரும்பி வீட்டுக்கே போயிடறேன்" என்றாள் தீமா.

"நட" என்றாள் ஃபித்தா. "அவங்க முகம் உன் கையில இருக்கு."

பெரியவர்கள் ஓட்டுநரிடம், எங்கள் பிணை ஏறுகிறது, பார்த்து ஓட்டு என்றார்கள். தீமா துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஏறினாள், வெட்கமோ சிரிப்போ தெரியவில்லை. பஸ் வளைவில் மறையும்வரை ஹாஜி நின்றார். பிறகு ஃபித்தாவிடம் திரும்பி, நாளைக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று கேட்டார்.

ஃபித்தா அங்கேயே, தூறலில், வாய்விட்டுச் சிரித்தாள். முதல் மழைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

என் கண்மணிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக நனைந்து நிற்க ஆட்கள் எப்போதும் இருக்கட்டும். உங்கள் வீட்டு ஜாடியில் எண்ணெய் குறையாமல் இருக்கட்டும், விழுந்தவர்கள் எழுந்து நடக்கட்டும், கேட்க வேண்டியதைக் கேட்கிற நா உங்கள் பெண்களுக்கு என்றும் இருக்கட்டும். ஆமீன்.